சீல் போனதா, எஞ்சின் போனதா?

பொள்ளாச்சித் தென்னந்தோப்பு வீடுகளின் போர்ட்டிகோவில் இன்னும் அம்பாசடர் நிற்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி தொடங்கிய காலத்தில் வாங்கிய மாருதி 800-ஐ விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. வால்பாறை எஸ்டேட் சாலைகளில் பழைய ஜீப்புகள் இன்னும் ஏறி இறங்குகின்றன. இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான புகார் ஒன்று இருக்கிறது: காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் எண்ணெய்ச் சொட்டு. பட்டறையில் கிடைக்கும் பதிலும் பொதுவானதுதான். “சீல் போயிருச்சுங்ணா, மாத்திப் போட்டாச் செரியாயிரும்.” மாற்றுகிறார்கள். சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி சொட்டுகிறது. பழி முதலில் சீல் கம்பெனி மேல் விழுகிறது, பிறகு மெக்கானிக் மேல், கடைசியில் வண்டியின் வயது மேல்.

ஒழுகும் இடத்தில் இருக்கும் சீல் பல நேரம் குற்றவாளியே இல்லை. எஞ்சினுக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், தண்டில் பள்ளம் விழுந்திருக்கலாம், ஹெட் வளைந்திருக்கலாம். அந்த இடத்தில் சீல் என்ற பொருளே வைக்கப்படாமலும் இருக்கலாம். இவற்றை அளந்து பார்க்கும் வசதி கோவை அளவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர்கள் இந்தியாவில் குறைவு. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத் சத்தம் கேட்காத தெருவைத் தேடத்தான் வேண்டும். இருந்தும் அளக்காமலே மாற்றுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். பழைய காரின் சீல், பேக்கிங் வேலை பற்றி இன்றுவரை தெரிந்திருப்பவற்றைக் கொங்கு நாட்டின் சாலை, தண்ணீர், பட்டறை ஆகியவற்றோடு வைத்து இங்கே பார்க்கலாம்.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். பட்டறைக்காரர்கள் பேக்கிங் என்று சொல்லும் கேஸ்கெட், அசையாத இரண்டு பரப்புகளுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்து இடைவெளியை அடைக்கிறது. டேப்பட் கவர் பேக்கிங், எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பின் பேக்கிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் இந்த வகை. ஆயில் சீல் சுழலும் தண்டைச் சுற்றி நிற்பது. அதன் ரப்பர் உதடு, பின்னால் இருக்கும் மெல்லிய சுருள் ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் தண்டைத் தொட்டபடி இருக்கும். உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே மைக்ரான் கணக்கில் ஓர் எண்ணெய்ப் படலம் எப்போதும் உண்டு; அது வற்றினால் உதடு கருகிவிடும். வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை உள்ளேயே திருப்பி அனுப்புவதுதான் நல்ல உதட்டின் வேலை. ஆகவே பேக்கிங் எத்தனை நாள் நிற்கும் என்பது பரப்பின் சமதளத்தையும் போல்ட்டின் இறுக்கத்தையும் பொறுத்தது. சீல் எத்தனை நாள் நிற்கும் என்பது தண்டின் மேற்பரப்பையும் ரப்பர் தாங்கும் சூட்டையும் பொறுத்தது. ஆரம்ப காலத்து உதடுகள் தோலால் ஆனவை. ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த ஃப்ராய்டன்பர்க் நிறுவனம் 1929-இல் தோல் சீல் செய்யத் தொடங்கி, 1930களில் செயற்கை ரப்பருக்கு மாறியது. இன்று நாம் கடையில் கேட்டு வாங்கும் ஆயில் சீல் அந்த வழியில் வந்தது.

கொங்கு நாட்டுக்கு இந்த வேலை புதிதல்ல. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டித் தொடங்கிய தொழில்தான் யு.எம்.எஸ். பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1931-இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். அன்றைய வண்டிகள் கடல் கடந்து வந்தவை. ஒரு பேக்கிங் கிழிந்ததென்று அடுத்த கப்பல் வரும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தால் கம்பெனி நடந்திருக்காது. கையால் வெட்டிப் போட்டுத்தான் ஓட்டியிருக்க வேண்டும். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்லும் மோட்டாரும் பம்பும் பெருகின. பம்பின் தண்டு வழியே தண்ணீர் வராமல் கட்டும் கிளாண்டு கயிற்றைத் தெரியாத விவசாயி இந்தப் பக்கத்தில் இல்லை. சுழலும் தண்டைச் சுற்றி ஒழுகலை நிறுத்துவது என்பது இங்கே கார் வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கும் தெரிந்த சங்கதி.

பந்தயக் களத்திலும் இந்த ஊருக்கு அனுபவம் உண்டு. மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்துத்தான் கோவையின் எஸ். கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கினார். செட்டிபாளையம் அருகே இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே அவர் நினைவாகப் பெயர் பெற்றது. ரேஸ் எஞ்சின் கட்டுகிறவர் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் போல்ட்டைத் தொடமாட்டார். அதே ஊரில், அதே எஞ்சினின் ஹெட்டை வெறும் கைப்பலத்தை நம்பி இறுக்கும் பட்டறைகளும் இருக்கின்றன.

அம்பாசடருக்குச் சீல் எங்கே?

ஒவ்வொரு பழைய காருக்கும் ஒழுகும் குணம் வேறு. இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது அம்பாசடர் பற்றி.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958 முதல் 2014 வரை அம்பாசடரைச் செய்தது. அதில் நீண்ட காலம் இருந்தது பி.எம்.சி. பி-சீரிஸ் வகையைச் சேர்ந்த 1489 சிசி எஞ்சின். பிளாக்கும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு. மூன்று மெயின் பேரிங் கொண்ட இந்த எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. அதற்குப் பதிலாகத் தண்டின் மேலேயே திருகு வரி வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது அந்த வரி எண்ணெயைச் சம்ப் பக்கமே தள்ளிவிடும். எஞ்சின் ஓடும்போது இது வேலை செய்கிறது. நின்றபின் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. பின்பக்கம் சரிந்த இடத்தில் நிறுத்தினால் கொஞ்சம் எண்ணெய் வெளியேறத்தான் செய்யும். மெயின் பேரிங் தேய்ந்து தண்டு ஆட ஆரம்பித்தால் வரிக்கும் உறைக்கும் நடுவே இருக்கும் மிகச் சிறிய இடைவெளி ஒரு பக்கம் அகன்றுவிடும். அதற்குப் பிறகு ஓடும்போதும் ஒழுகும்.

“பின் சீலை மாத்திக் கொடுங்க” என்று இந்த அம்பாசடரைக் கொண்டுபோய் விடுகிறவர் இல்லாத பொருளை மாற்றச் சொல்கிறார். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் ஹவுசிங்கைத் துடைத்து, பேஸ்ட் தடவி ஏற்றினால் ஒன்றும் நடக்காது. பேரிங் இடைவெளியை அளப்பதும், எஞ்சினுக்குள் சேரும் கிராங்க்கேஸ் அழுத்தத்தைக் குறைப்பதும்தான் வழி. இஸுஸு எஞ்சின் வந்த பிந்தைய அம்பாசடர்களின் கதை வேறு. அவற்றுக்குப் பின் சீல் உண்டு. எந்த எஞ்சின் என்று பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரீமியர் பத்மினியின் 1089 சிசி ஃபியட் எஞ்சினுக்கு வார்ப்பிரும்புப் பிளாக், அலுமினிய ஹெட். 1983 டிசம்பரில் வந்து 2014 வரை தயாரான மாருதி 800-க்கும் அப்படியே. மாருதியில் டேப்பட் கவர் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கேம் சீல், கிராங்க் முன் சீல், கியர்பாக்ஸை இறக்கினால் மட்டும் தெரியும் பின் சீல் என்று ஒழுகும் இடங்கள் வரிசையாக இருக்கின்றன. மேலே ஒழுகும் எண்ணெய் வழிந்து, காற்றில் பின்னால் அடித்துச் செல்லப்பட்டு, கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சொட்டாகத் தொங்கும். டேப்பட் கவரின் சின்ன ரப்பரை மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்குக் கியர்பாக்ஸ் இறங்குவது இப்படித்தான்.

அளக்கும் முறை

ஒழுகலைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. எஞ்சினை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் பவுடர் நனைந்த பாதை தெரியும். அந்தப் பாதையின் மிக உயரமான, மிக முன்னால் உள்ள புள்ளிதான் நாம் தேடுவது.

அடுத்தது, பெரும்பாலும் தவறவிடப்படுவது, எஞ்சின் மூச்சு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு எப்போதும் கீழே இறங்கும். அதை வெளியேற்றத்தான் பிரீதர் குழாயும், பிற்கால எஞ்சின்களில் பி.சி.வி. வால்வும் இருக்கின்றன. கரியும் பிசினும் அடைத்து அந்த வழி மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்தச் சீல் பலவீனமோ அந்த வழியே எண்ணெயைத் தள்ளும். புதுச் சீல் போட்டால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும். புகை துடித்துத் துடித்து வெளியே வந்தால் முதலில் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அதன் பிறகும் துடித்தால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தால் ரிங் தேய்ந்ததா, வால்வு உட்காரவில்லையா என்று பிரிந்துவிடும்: எண்ணெய் விட்டதும் அளவு ஏறினால் ரிங். ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு எந்த நாட்டுச் சீலைப் போட்டாலும் நிற்காது. அந்த வண்டிக்காரரிடம் சிலிண்டரைக் கடையும் போரிங் செலவைப் பற்றித்தான் பேச வேண்டும், சீல் விலையைப் பற்றி அல்ல. கேட்கச் சங்கடமான செய்திதான். ஆனால் மூன்று தடவை கியர்பாக்ஸ் இறக்கிய கூலியைவிட அது நேர்மையானது.

வால்வின் தண்டைச் சுற்றி நிற்கும் வால்வு சீலைச் சோதிக்க ஊட்டி ரோடே போதும். குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இறங்கும்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் பலமாக இழுக்கும். தேய்ந்த வால்வு சீல் வழியே எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டுத் தேங்கும். கல்லாறு வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை ஒரு வீச்சாக வந்து மறைந்தால் வால்வு சீல், வால்வு கைடு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஏறும்போதும் சமதளத்திலும் விடாமல் நீலப் புகை வந்தால் ரிங்.

மலையும் தண்ணீரும்

ஹெட் கேஸ்கெட்டின் வேலை எல்லாவற்றிலும் கடினமானது. ஒரே தகடு, ஒரு பக்கம் பெட்ரோல் எரியும்போது 50 பார் அளவுக்கு எழும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். சில மில்லிமீட்டர் தள்ளி ஒரு பார் அழுத்தத்தில் ஓடும் தண்ணீரை அதன் வழியில் வைத்திருக்க வேண்டும். இன்னொரு துளையில் எண்ணெய். இதோடு இரண்டு உலோகங்களின் இழுபறியும் சேர்கிறது. அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், வார்ப்பிரும்பு சுமார் 11. முந்நூறு மில்லிமீட்டர் நீள அலுமினிய ஹெட், குளிர்ந்த நிலையிலிருந்து 70 டிகிரி சூடேறும்போது தனக்குக் கீழே இருக்கும் பிளாக்கைவிட ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் கூடுதலாக நீள்கிறது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் கேஸ்கெட்டின் மேல் இந்த உரசல் நடக்கிறது. இரண்டும் இரும்பாக இருக்கும் அம்பாசடரில் இந்தத் தொல்லை இல்லை. அதன் ஹெட் கேஸ்கெட் நெடுநாள் உழைப்பதற்கு இது ஒரு காரணம்.

சமவெளி ஊர்க் கார்கள் அறியாத சோதனையைக் கொங்கு நாட்டுக் கார் மலையில் சந்திக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு சுமார் 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழ்க் கியரில், அதிகச் சுழற்சியில், முன்னால் காற்று குறைவாக வீசும் வேகத்தில் எஞ்சின் உழைக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட்டோ 82 முதல் 88 டிகிரிக்குள்தான் திறக்கிறது. ரேடியேட்டர் மூடி தன் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் கொதிநிலை 115 டிகிரி பக்கம் போகும், பயமில்லை. மூடியின் ரப்பர் வெடித்துப்போயிருந்தால் நமக்கும் கொதிப்புக்கும் நடுவே மிஞ்சுவது சில டிகிரிதான். கொதித்த இடத்தில் நீராவிக் குமிழ் தங்கும், அங்கே ஹெட் தனியாகச் சூடேறி வளையும், கேஸ்கெட் போகும். மலை ஏறும் பழைய காருக்கு முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல ரேடியேட்டர் மூடி. கேஸ்கெட் வேலையின் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

தண்ணீர் விஷயத்தில் நாம் அலட்சியமாக இருக்கிறோம். சிறுவாணித் தண்ணீரைக் குடித்துப் பெருமைப்படும் ஊர், ரேடியேட்டருக்கு ஊற்றுவது போர்வெல் தண்ணீரை. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த அந்தக் கடினநீர் வாட்டர் ஜாக்கெட்டில் படிகிறது, ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கிறது, அலுமினிய ஹெட்டின் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி அரிக்கிறது. அரித்த குழி கேஸ்கெட்டின் விளிம்புவரை வந்துவிட்டால் புதுக் கேஸ்கெட்டுக்கு உட்கார இடமில்லை. ஆர்கான் வெல்டிங்கில் குழியை நிரப்பி, பரப்பை மறுபடி சமமாகக் கடையும் ஃபேசிங் போட்டுத்தான் அந்த ஹெட்டைக் காப்பாற்ற முடியும். உப்பு நீக்கிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை கூலண்ட் கலந்து, சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் இந்தச் செலவு வராது.

கேஸ்கெட் போய்விட்டது என்பதைத் தெரிந்துகொள்ளப் பல அடையாளங்கள் உண்டு: ஆயில் மூடிக்குள் பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு, ரேடியேட்டரில் விடாத குமிழ், ஒழுகல் தெரியாமல் குறையும் தண்ணீர், சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மார்கழிக் குளிரில் மூடியில் மட்டும் குழம்பு படிவதுண்டு, அது ஈரப்பதம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நீல நிறத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்து எரிந்த வாயு வருகிறதா என்று சோதிக்கும் கருவி இருக்கிறது. கரியமில வாயு பட்டால் திரவம் மஞ்சளாகும். ஹெட்டை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனை இது.

ஹெட்டை இறக்கிய பிறகு

ஹெட்டை எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகே, போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுக்க வேண்டும். ஸ்டீல் ரூலரை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. சுசுகியின் சிறிய எஞ்சின்களுக்கு வளைவின் எல்லை 0.05 மில்லிமீட்டர். பிளாக்கின் மேற்பரப்பையும் அப்படியே அளக்க வேண்டும். ஹெட்டை மட்டும் லேத்துக்கு அனுப்பிவிட்டு பிளாக்கைத் துடைத்து விடுவதுதான் வழக்கம்; பாதி வேலை அங்கே விட்டுப்போகிறது.

ஃபேசிங்கின் மென்மை கேஸ்கெட்டின் வகைக்குப் பொருந்த வேண்டும். செம்புத் தகட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்த பழைய வகைக்கும், பின்னர் வந்த கிராஃபைட் வகைக்கும் சற்றுச் சொரசொரப்பு வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். 1990களில் பரவிய பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டுக்கு ஒரு மைக்ரானை ஒட்டிய வழவழப்புத் தேவை. ‘புது மாடல், ஸ்டீல், நல்லா நிக்கும்’ என்று கேட்டுப் பழைய பிளாக்கின் மேல் அதைப் போடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். எஞ்சின் பிறந்தபோது எந்த வகை இருந்ததோ அதற்குச் சமமானதே பழைய காருக்குப் பாதுகாப்பு. பழைய வகைக்கு முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் மறு இறுக்கம் தேவைப்படும். கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

போல்ட் துளையின் அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டிக்கொண்டிருக்கும், போல்ட்டோ திரவத்தின் மேல் முட்டி நிற்கும். ஹெட் இறுகியிருக்காது. பிளாக் வெடிப்பதும் உண்டு. துளையை ஊதிக் காயவைக்க ஒரு கம்ப்ரஸர் போதும். கம்ப்ரஸருக்குப் பெயர் போன இந்த ஊரில் அது இல்லாத பட்டறை இருக்காது.

ஆயில் சீல் வேலையில் கவனம் தண்டின் மேல் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் உதடு உரசிய இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினால் தட்டும். புது உதடு அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் ஒழுகும். சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே தள்ளிப் பொருத்த இடமிருந்தால் அதுவே எளிய தீர்வு. இல்லையென்றால் கால் மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய கனமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்லீவை மேலே ஏற்றலாம். தண்டை லேத்தில் கொடுத்துக் கடைவதும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை: லேத்தின் டூல் நகரும்போது கண்ணுக்குத் தெரியாத திருகு வரியை விட்டுச் செல்கிறது. அம்பாசடரின் பின்முனையில் எண்ணெயை உள்ளே தள்ள வேண்டுமென்றே வெட்டிய வரியும் இதுவும் ஒரே தத்துவம். திசை மாறினால் இது எண்ணெயை வெளியே இறைக்கும். எமரி பேப்பரைச் சாய்வாக இழுத்துப் பாலிஷ் செய்தாலும் இதே கதி. கிரைண்டிங் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே செலுத்தித் தேய்த்த தண்டுதான் சீலுக்கு ஏற்றது. லேத்காரரிடம் “இது சீல் ஓடுற இடம்” என்று சொல்லிக் கொடுத்தால் போதும், கோவையில் அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ரப்பரைப் பொறுத்தவரை சாதாரண நைட்ரைல் 100 டிகிரிவரை நீண்ட நாள் தாங்கும். அதற்கு மேல் விரைவில் கெட்டியாகும். அக்ரிலிக் 150 வரை, சிலிக்கோனும் ஃபுளோரோ ரப்பரும் 200 வரை தாங்கும். ஓடும் தூரம் குறைந்த வண்டியில் சீல் காய்ந்து கெட்டியாவது தனிப் பிரச்சினை. வாரக்கணக்கில் நிற்கும் காரில் உதட்டின் எண்ணெய் வற்றுகிறது. கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே நகர்த்தி நிறுத்துவதில் பயனில்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட்ட வேண்டும்.

பேஸ்ட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சிலிக்கோன் பேஸ்ட்டைப் பட்டறைகளில் அனபாண்ட் என்றே சொல்லிவிடுகிறார்கள். சென்னை நிறுவனத்தின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது. நல்ல பொருள். மூலைகளிலும் இரண்டு துண்டுகள் சேரும் இடத்திலும் மெல்லிய கோடாக வைக்க அது தேவை. ஆனால் பேக்கிங்கின் இரு பக்கமும் தாராளமாகப் பூசி இறுக்கினால், வெளியே பிதுங்கியது நமக்குத் தெரிகிறது, அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது. அது உதிர்ந்து சம்ப்புக்குள் போய் ஆயில் பம்பின் வலையில் ஒட்டிக்கொண்டால் பேரிங் பட்டினி கிடக்கும். ஒழுகல் வேலை கிராங்க் வேலையாக முடியும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும் முறை உயிர் சம்பந்தப்பட்டது. பழைய ஹெட் கேஸ்கெட்டுகளிலும் சூடு படும் பேக்கிங் ஷீட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நார் தூசியாகி நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். இந்தியா 1986-இல் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களுக்குப் புது அனுமதி தருவதை நிறுத்தியது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் நலன் குறித்து 1995-இல் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு ஒன்றைத் தந்தது. இறக்குமதி நிற்கவில்லை. டிரில்லில் வயர் பிரஷ்ஷை மாட்டிக் காய்ந்த பேக்கிங்கைப் பறக்கவிடும் பையன் பதினெட்டு வயதுக்காரனாக இருப்பான், முகத்தில் ஒரு கர்ச்சீஃப்கூட இருக்காது. நனைத்துச் சுரண்ட வேண்டும், கையால் சுரண்ட வேண்டும், கழிவை ஈரத்தோடு பையில் கட்ட வேண்டும். வண்டிக்காரர் நின்று பார்க்கும் ஐந்து நிமிஷத்தில் இதைச் சொல்லலாம். சொல்ல வேண்டும்.

எதை மாற்றுவது, எதை விடுவது

ஒழுகும் எல்லாவற்றையும் உடனே மாற்ற வேண்டியதில்லை. கிளட்ச் மேல் எண்ணெய் படுவது, சைலன்ஸர் மேனிஃபோல்டின் மேல் சொட்டிப் புகைவது, டைமிங் பெல்ட் நனைவது, எண்ணெயும் தண்ணீரும் கலப்பது ஆகியவற்றுக்குத் தள்ளிப்போட இடமில்லை. சம்ப் ஓரத்தில் ஈரம் கசிந்து தூசி ஒட்டியிருப்பதை அளவு பார்த்துக்கொண்டே பல வருஷம் ஓட்டலாம். மாற்றுவது என்று முடிவானால், அதே கூலியில் கை எட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். டைமிங் பெல்ட் கழன்றபோதே கேம் சீலும் கிராங்க் சீலும். கியர்பாக்ஸ் இறங்கியபோதே பின் சீல், கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் முன் சீல். சீலின் விலை சில நூறு ரூபாய். அதை எட்டுவதற்கான கூலிதான் பெரிது. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. புதுப்பிக்கும் கட்டணத்தைக் கட்டி வண்டியை வைத்துக்கொள்ள முடிவெடுத்தவருக்கு இந்த வேலையை ஒரே தடவையில் முடிப்பது கட்டாயம் லாபம்.

எண்ணெய்ப் பக்கத்தைவிட இப்போது அவசரமானது பெட்ரோல் பக்கம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி 2025-இல் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. எத்தனால், பழைய கார்க் பேக்கிங்கையும் சில வகை ரப்பரையும் ஊதவைக்கும், பிறகு வெடிக்கவைக்கும். பத்மினி, அம்பாசடர் ஆகியவற்றின் சோலெக்ஸ் கார்புரேட்டர் பேக்கிங், மெக்கானிக்கல் ஃபியூயல் பம்பின் டயாஃப்ரம், பெட்ரோல் ஹோஸ் மூன்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது எந்த ஆயில் சீலையும்விட முந்திய வேலை. எண்ணெய் ஒழுகினால் தரை அழுக்காகும். பெட்ரோல் ஒழுகினால் வண்டி எரியும்.

பாகங்கள் கிடைப்பது வண்டியைப் பொறுத்தது. மாருதி 800-க்குக் கம்பெனி பார்ட்ஸும், 1956-இல் தொடங்கிய டால்ப்ரோஸ், வடோதராவின் பாங்கோ போன்றவர்களின் கேஸ்கெட்டுகளும் சந்தையில் இருக்கின்றன. அசலின் அட்டைப்பெட்டியைப் போலவே அச்சடித்த டூப்ளிகேட்டும் இருக்கிறது. நிறத்தை வைத்து ரப்பரின் வகையை நம்பக் கூடாது. பழுப்பாக இருப்பதெல்லாம் ஃபுளோரோ ரப்பர் ஆகாது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பழைய ஜீப்பு, இறக்குமதி வண்டிகள் என்று போனால் கை வெட்டுதான். பரப்பில் கிரீஸ் தடவி, ஷீட்டை மேலே வைத்து, சின்னச் சுத்தியால் விளிம்பைத் தட்டித் தட்டியே வெட்டி எடுப்பார்கள். துளைக்கு ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரு தட்டு. சம்ப், வாட்டர் பம்ப், டைமிங் கவர் பேக்கிங்குகளுக்கு இந்த முறை இன்றும் குறையில்லாதது. ஆனால் அலுமினிய விளிம்பில் சுத்தி பட்டால் விளிம்பு நசுங்கும். அங்கே காகிதத்தில் அச்செடுத்துக் கத்தரியால் வெட்டுவதே சரி.

அந்த அச்சுகள் இப்போது பட்டறைச் சுவரின் ஆணிகளில் தொங்குகின்றன. பட்டறை மூடினால் அவையும் உக்கடத்துப் பழைய இரும்போடு போய்விடும். லேசர் கட்டிங் செய்யும் கடைகள் கோவை முழுக்க இருக்கும்போது, ஒரு வரைபடம் இருந்தால் எந்த வண்டிக்கும் எத்தனை பேக்கிங் வேண்டுமானாலும் வெட்டலாம். பாலிடெக்னிக் மாணவர்களும் பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஒரு பருவத்து வேலையாக இதை எடுத்து வரைந்து வைக்கலாம். அவினாசி ரோட்டில் 2015 முதல் இருக்கும் ஜீ.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பிரதி வைக்கலாம். வெளிவடிவத்தை மட்டும் எடுத்துவிட்டால் பாதி வேலைதான் முடியும். கழற்றிய பேக்கிங் நசுங்கியது. புதியதன் கனம் வேறு. ஹெட் கேஸ்கெட்டில் அந்தக் கனம் கம்ப்ரஷன் விகிதத்தையே மாற்றும், டீசலில் பிஸ்டன் ஹெட்டைத் தொடுமா என்பதையும் அதுவே தீர்மானிக்கும். ஆகவே ஒவ்வொரு அச்சின் மேலும் வண்டி, எஞ்சின் எண், ஷீட்டின் வகை, நசுங்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள கனம், போல்ட் இறுக்க அளவு ஆகியவற்றை, அதை வெட்டியவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.